ரயில் பிடிக்க வேண்டியவனை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடாதீர்கள்

நம் சாப்டரின் இந்த வருடப் பொறுப்பாளர்களுக்கும், ஆலம்னை (பழைய உறுப்பினர்கள்) குழு என்ற பெயரில் வாட்ஸாப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் என் செட்டு ஆட்களுக்கும்,

வணக்கம். நம் ஃப்ராட்டர்னிட்டி சாப்டரில் புது ஆட்களைச் சேர்க்கிற முறையையும், பழையவர்களைக் கூப்பிடுகிற முறையையும் மாற்ற வேண்டும். இதைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் ஏற்கெனவே குழுவில் போட்டிருந்தேன். மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள், ஒருவர் நெருப்புப் படம் போட்டார், அதற்குக் கீழே யாரோ கிரிக்கெட் ஸ்கோர் கேட்டதும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதனால் இந்தத் தடவை தமிழில், நீளமாக. நம்மில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். தெரியாதவர்களுக்கு அம்மாக்கள் படித்துச் சொல்லட்டும், அம்மாக்களும் படிக்க வேண்டிய விஷயம்தான் இது. பஞ்சாபி, குஜராத்தி, பங்களாதேஷ் நண்பர்களுக்கு நானே போன் போட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

வெளியாட்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ராட்டர்னிட்டி என்பது கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட மாணவர் சங்கம். படிக்கும்போது சேர்ந்தால் ஆயுசுக்கும் உறுப்பினர். ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும் கிளைக்குச் சாப்டர் என்று பெயர். சினிமாவில் வருகிற பெரிய வீடு, புல்வெளி, பீர் பீப்பாய் எதுவும் எங்களுக்குக் கிடையாது. நாங்கள் படித்தது நியூயார்க் நகரத்துப் பொதுக் கல்லூரிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் கிட்டத்தட்ட எல்லாருமே டே ஸ்காலர். காலையில் சப்வே பிடித்து வருவோம், கடைசி வகுப்பு முடிந்ததும் வேலைக்கோ வீட்டுக்கோ ஓடுவோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செப்டம்பரில் நீங்கள் வைத்த ரஷ் நிகழ்ச்சிக்கு, அதாவது புது ஆள் சேர்க்கிற நிகழ்ச்சிக்கு, நானும் வந்திருந்தேன், ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, மன்ஹாட்டனில் ஒரு லவுஞ்ச். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பெயர்கூடக் காதில் விழவில்லை. புதிதாகச் சேர்வதைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவன், முதுகில் பையோடு வந்த ஒல்லிப் பையன், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்பதே முக்காலுக்கு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். நான் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன். வீடு ஃப்ளோரல் பார்க் பக்கம். எஃப் ரயிலில் கடைசி நிறுத்தமான 179வது தெருவில் இறங்கி, ஹில்சைட் அவென்யூவில் பஸ் பிடித்து, அப்புறம் நடை. மறுநாள் காலை எட்டு மணிக்கு மருந்துக் கடையில் ஷிஃப்ட். அன்றைக்குக் காலை ஆறே காலுக்கு வீட்டை விட்டு வந்தவன், பதினைந்து மணி நேரம் கழித்து நம்மைப் பார்ப்பதற்காக அந்தச் சத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறான்.

நான் திரும்பி உள்ளே வந்தபோது உங்களில் ஒருவர் சொன்னது: "அவனுக்குக் கமிட்மென்ட் இல்லை."

தம்பி, கமிட்மென்ட் இல்லாதது அவனுக்கில்லை. அவனுடைய போன் நம்பரை நம்மில் யாரும் வாங்கி வைக்கவில்லை. கடைசியில் வாங்கியது நான்தான், அந்தப் படிக்கட்டில்.

இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. தலைமையகம் அனுப்புகிற கையேடு அப்படி. ரஷ் வாரம், ஐந்து ராத்திரி ஐந்து நிகழ்ச்சி, கடைசி நாள் அழைப்பு அட்டை என்று அதில் போட்டிருக்கும். அந்தக் கையேடு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தெற்காசிய மாணவர்கள் தங்களுக்கென்று ஃப்ராட்டர்னிட்டி தொடங்கியதே தொண்ணூறுகளில்தான். 1994இல் பிங்ஹாம்டனில் ஒன்று, 1996இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒன்று, 1998இல் ஆஸ்டினில் ஒன்று, 1999இல் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏவில் ஒன்று. எல்லாம் பிள்ளைகள் விடுதியிலோ, கல்லூரிக்குப் பக்கத்து வாடகை வீட்டிலோ தங்கிப் படிக்கிற இடங்கள். அங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் அறையிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வருகிற நேரம். நமக்கு ராத்திரி ஒன்பது மணி என்றால் அம்மா மூன்றாவது தடவையாக போன் அடிக்கிற நேரம்.

அதற்காக, வீட்டிலிருந்து வந்து போகிற கல்லூரியில் ஃப்ராட்டர்னிட்டி வேர் பிடிக்காது என்று சொல்கிறவர்களையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே நகரத்தில், ஹார்லெம் மேட்டில் இருக்கிற சிட்டி காலேஜுக்கு 2006 வரைக்கும் மாணவர் விடுதியே கிடையாது. ஆனால் டெல்டா சிக்மா ஃபை என்ற சங்கம் 1899இல் அங்கேதான் தொடங்கியது. சிக்மா ஆல்ஃபா மூ என்ற சங்கத்தை 1909 நவம்பரில் எட்டு யூதப் பையன்கள் அங்கேதான் தொடங்கினார்கள். மற்ற சங்கங்கள் பலவற்றில் யூதர்களைச் சேர்க்காத காலம் அது. இரண்டும் இன்றைக்கும் நாடு முழுக்க இருக்கின்றன. முப்பதுகளில் அதே கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோரமாக மாடம் மாடமாகத் தடுப்புகள் இருந்தன, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மாடம். ஒன்றாம் நம்பர் மாடத்தில் ஸ்டாலினைத் திட்டுகிற இடதுசாரிகள், இரண்டாம் நம்பரில் ஸ்டாலின் ஆட்கள், நாள் பூராவும் சண்டை. பின்னால் பெரிய எழுத்தாளர்களாகவும் சிந்தனையாளர்களாகவும் ஆன இர்விங் ஹவ், டேனியல் பெல், இர்விங் கிறிஸ்டல் எல்லாரும் அந்த ஒன்றாம் நம்பர் மாடத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான். சாயங்காலமானால் எல்லாரும் பிராங்க்ஸுக்கும் புரூக்ளினுக்கும் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் மதியம் அதே மாடம், அதே ஆட்கள், விட்ட இடத்திலிருந்து சண்டை.

நமக்கும் ஒரு மேசை இருந்தது. உங்களுக்குத் தெரியாது. பழைய காஃபிடேரியாவில், சோடா மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடுகிற நீள மேசை. 2004 அக்டோபரில் அங்கே நான் தனியாக உட்கார்ந்து தயிர் சாதத்தை டப்பாவை விட்டு வெளியே எடுக்காமல், மூடியைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, ஊறுகாய் வாசனைக்கு யாராவது மூக்கைச் சுளிப்பார்களோ என்று பயம். எதிரில் ஒரு சீனியர் வந்து உட்கார்ந்தார், குஜராத்திக்காரர். தன்னுடைய டப்பாவைத் திறந்தார், தேப்லா, அவர்கள் ஊர் மசாலாச் சப்பாத்தி. என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரயில்?" நான் ஏழாம் நம்பர் ரயில், ஃப்ளஷிங் வரை என்றேன். அவர் ஜாக்சன் ஹைட்ஸில் இறங்குகிறவர். அன்றைக்கே சேர்ந்து போனோம். மூன்று வாரம் ஃப்ராட்டர்னிட்டி என்ற வார்த்தையை அவர் வாயெடுக்கவில்லை. அக்கவுண்டிங் புத்தகம் வாங்கக் காசில்லாமல் நூலகத்தில் இரண்டு மணி நேரக் கெடுவில் எடுத்துப் படிக்கிறேன் என்று தெரிந்ததும், தன் பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து ரயிலில் மடியில் போட்டார். மஞ்சள் மார்க்கரால் பாதிப் பக்கம் அடித்திருந்தது, அந்தப் பாதிதான் பரீட்சையில் வந்தது.

என்னைச் சேர்த்தது அதுதான், லவுஞ்ச் இல்லை. இந்த மாதிரி ஆள் சேர்க்க ஒரு பைசா செலவில்லை. ரயில் டிக்கெட் அப்போது இரண்டு டாலர், அதுவும் எப்படியும் கொடுக்கப் போகிற காசு.

ஆகவே முதல் வேண்டுகோள், மேசையை மறுபடி பிடியுங்கள். வகுப்பு வைக்காமல் சங்கங்களுக்கென்று கல்லூரி ஒதுக்கும் மதிய நேரம் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் தவறாமல் ஒரே இடத்தில் இரண்டு பேராவது உட்காருங்கள். சட்டையும் பேனரும் பிறகு. முதலில் புதிதாக வருகிறவனிடம் எந்த ரயில் என்று கேளுங்கள். எஃப் ரயில் ஆட்கள், ஏழாம் நம்பர் ஆட்கள், லாங் ஐலண்ட் ரயில் ஆட்கள் என்று பிரித்து, அந்தந்தப் பக்கம் போகிற நம் ஆள் ஒருவன் கூடப் போகட்டும். ஒருவனோடு நாற்பது நிமிடம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து போனால் தெரிகிற குணம், பத்து பார்ட்டியில் தெரியாது. ஒன்பது மணி நிகழ்ச்சி வேண்டவே வேண்டாமா என்றால், வருடத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆசைக்கு.

அப்புறம், முதல் வருடப் பிள்ளைகளையே துரத்துகிறோம். நம் மாதிரிக் கல்லூரிக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் லாகார்டியா, குயின்ஸ்பரோ மாதிரி இரண்டு வருடக் கல்லூரிகளை முடித்துவிட்டு மூன்றாம் வருடத்தில் வந்து சேர்கிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்கு எந்தக் கட்டிடம் எங்கே என்றுகூடச் சொல்ல ஆள் கிடையாது. பாதி ஓடிவிட்ட படத்துக்கு டார்ச் இல்லாமல் உள்ளே நுழைகிற மாதிரி வருகிறார்கள். வயதும் பொறுப்பும் கூட, தேர்ச்சி மதிப்பெண்ணும் கையில் இருக்கிறது. ஆனால் நம் சுவரொட்டியில் போட்டிருப்பது "முதலாம் ஆண்டு மாணவர்களை வரவேற்கிறோம்". ஜனவரியில் அந்தச் சுவரொட்டியை யாரும் கிழிப்பதுகூட இல்லை.

இனி அம்மாக்கள் விஷயம். விடுதியில் இருப்பவன் சங்கத்தில் சேர்ந்தால் வீட்டுக்குத் தெரிய ஒரு வருடம் ஆகும். நம் பையன் சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கமிட்டி அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடுகிறது. நான் கிரேக்க எழுத்து போட்ட ஜாக்கெட்டோடு வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கு அம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, கட்சியா?" என்றாள். அப்பா மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்வி, இரண்டுக்குமே என்னிடம் சரியான பதில் இல்லை. பெற்றோரைக் கூப்பிடுங்கள். ஹால் வாடகை எல்லாம் வேண்டாம், ஃப்ளஷிங் கணேசர் கோவில் கேன்டீனில் ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு வருகிற கூட்டத்தில் பாதி நமக்கு வேண்டியவர்கள்தான். பணம் எவ்வளவு, எதற்கு, எத்தனை மணிக்குக் கூட்டம் முடியும், பையன் எப்போது வீட்டில் இருப்பான் என்று நேராகச் சொல்லுங்கள். குடி உண்டா என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

அவர்கள் கேட்காமல் மனதில் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு, அதையும் நாமே எடுத்துப் பேச வேண்டும். 2013 டிசம்பரில் இதே நகரத்தின் பரூக் கல்லூரியில் படித்த முதல் வருடப் பையன் ஒருவன், ஓர் ஆசிய அமெரிக்க ஃப்ராட்டர்னிட்டியில் சேர்வதற்காகப் பென்சில்வேனியாவின் போகோனோ மலைக்குக் கூட்டிப் போகப்பட்டு, கண்ணைக் கட்டி, முதுகில் கனமான பையைக் கட்டி, இருட்டில் திரும்பத் திரும்பத் தள்ளி விழவைத்ததில் செத்துப் போனான். அவனும் நம் பிள்ளைகள் மாதிரி குயின்ஸ் பையன்தான். வழக்கில் அந்தச் சங்கத்தையே பத்து வருடம் அந்த மாநிலத்துக்குள் இயங்கக் கூடாது என்று 2018இல் தீர்ப்பானது. இப்போது 2024 டிசம்பரில் கூட்டரசுச் சட்டமும் வந்துவிட்டது, கல்லூரிகள் இந்தக் கொடுமைகளைக் கணக்கெடுத்து வெளியிட்டே ஆக வேண்டும். இதெல்லாம் தெரிந்த அப்பா ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது "எங்கள் சாப்டர் அப்படியில்லை அங்கிள்" என்று சிரித்து மழுப்ப முடியாது.

நம் சாப்டர் அப்படியில்லையா? 2005 வசந்தத்தில் நான் சேர்ந்தபோது, உறுப்பினராவதற்கு முன்னால் எட்டு வாரம் சோதனைக் காலம். அடி, உதை கிடையாது, நிஜம். ஆனால் ராத்திரிப் படிப்பு என்று பெயர் வைத்து பதினொன்றரைக்குக் கூட்டி ஒன்றரை மணிக்கு விடுவார்கள். அந்த நேரத்தில் ரயில் இருபது நிமிடத்துக்கு ஒன்று. பிளாட்பாரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கி இரண்டு ரயிலை விட்டிருக்கிறேன், ஒரு மிட்டெர்ம் போனது. ஆறு பேர் தொடங்கினோம், நாலு பேர் முடித்தோம். போன இரண்டு பேரில் ஒருவன் மாமாவின் பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டே படித்தவன். ஐந்தாவது வாரம் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான், மாமா வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார், அவன் நம்மை விட்டான். விட்டவனோடு பேசக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. நானும் பேசவில்லை. காஃபிடேரியாவில் அவன் வந்தால் டப்பாவை மூடிக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன், மூன்று வருடம்.

போன மாதம் பட்டேல் பிரதர்ஸ் என்ற நம் ஊர் மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவனைப் பார்த்தேன். அவன்தான் முதலில் கையை நீட்டினான். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது, "சாப்டர் இன்னும் இருக்கா?" என்று கேட்டான். கேலியில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். இன்றைக்கு சொந்தமாக மூன்று கடை வைத்திருக்கிறான், முப்பது நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறான். ஆறு பேரில் ஆள் சேர்க்கிற வாய் அவனுக்குத்தான் இருந்தது. அவனைத்தான் வடிகட்டினோம்.

ஸீட்டா பீட்டா டவ் என்ற பெரிய சங்கம் 1989இலேயே இந்தப் ப்ளெட்ஜ் வேலையை, அதாவது சேர்ப்பதற்கு முன்னால் வைக்கிற சோதனைக் காலத்தை, மொத்தமாக எடுத்துவிட்டது. நாம் எட்டு வாரத்தை மூன்றாக்க வேண்டும், எல்லாமே பகலில், கல்லூரிக்கு உள்ளேயே, வெளியூர்ப் பயணமே கூடாது. எங்கள் செட்டில் சிலர் "நாங்கள் பட்டதை இவர்களும் படட்டும்" என்பார்கள். மாமியார் பேச்சு அது. கேட்காதீர்கள்.

இப்போது என் செட்டு ஆட்களுக்கு. இந்தப் பக்கத்தைத் தம்பிகளும் படிக்கலாம்.

போன வருடம் எனக்கு ஒரு மெயில் வந்தது. "அன்புள்ள பிரதர்" என்று தொடங்கி என் பெயரைத் தப்பாக எழுதி, நிறுவன நாள் விருந்து, தலைக்கு 150 டாலர், சனிக்கிழமை ராத்திரி என்று இருந்தது. அதற்கு முன்னால் ஆறு வருடமாக ஒரு வரி கிடையாது. மொய் வைக்க மட்டும் பத்திரிகை அனுப்புகிற சொந்தம் எல்லார் வீட்டிலும் உண்டு, அந்தப் பத்திரிகையை என்ன செய்வோமோ அதையே செய்தேன்.

அதற்கு நாலு மாதம் கழித்து உங்களில் ஒரு தம்பி, என்னைப் பார்த்ததேயில்லை, ஒரு மெசேஜ் அனுப்பினார். ஆடிட் நிறுவனம் ஒன்றில் இன்டர்வியூ, பதினைந்து நிமிடம் பேச முடியுமா அண்ணா என்று. பென் ஸ்டேஷனில் நின்றபடி பேச ஆரம்பித்து 6:11 ரயிலை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். வேலை கிடைத்ததும் அவர் போன் பண்ணிச் சொன்னார். அந்த வாரமே யாரும் கேட்காமல் 200 டாலர் அனுப்பினேன். யோசித்துப் பாருங்கள், இதே நான்தான் 150 டாலர் மெயிலை அழித்தவன்.

நம் மாதிரிக் கல்லூரிப் பழைய மாணவர்களுக்குப் பாசம் கிடையாது, கொடுக்கிற பழக்கம் கிடையாது என்பது வெறும் பேச்சு. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவல் வீட்டிலிருந்தே வந்து போய்ப் படித்து 1958இல் சிட்டி காலேஜில் பட்டம் வாங்கியவர். அங்கே தனக்கென்று ஓர் இடம் கிடைத்ததே பெர்ஷிங் ரைஃபிள்ஸ் என்ற ராணுவ மாணவர் சங்கத்தில்தான் என்று கடைசிவரை சொன்னார். அந்தக் கல்லூரிக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தார், இன்றைக்கு அந்தக் கல்லூரியில் ஒரு படிப்புப் பிரிவே அவர் பெயரில் இருக்கிறது. ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்து 1960இல் அங்கே பட்டம் வாங்கிய இன்டெல் கம்பெனித் தலைவராக இருந்த ஆண்ட்ரூ குரோவ், 2005இல் கொடுத்தது 2 கோடியே 60 லட்சம் டாலர். நம்மிடம் குரோவ் யாரும் இல்லை, தெரியும். ஆனால் பென் ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விடக்கூடிய ஆட்கள் நிறைய இருக்கிறோம்.

நமக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் கவனிக்கவில்லை. பெரிய ஊர்ப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் பட்டம் வாங்கியதும் நாலா திசைக்கும் பறந்துவிடுவார்கள், அவர்களைக் கூட்டிவர ஃபுட்பால் ஆட்டம், ஹோம்கமிங் என்ற பழைய மாணவர் விழா எல்லாம் வேண்டியிருக்கிறது. நாம் இங்கேயேதான் கிடக்கிறோம். குயின்ஸ், ஹிக்ஸ்வில், மிஞ்சிப் போனால் நியூஜெர்சி எடிசன். பாதிப் பேருக்கு ஆபீஸ் கல்லூரியிலிருந்து பத்து நிமிட நடை. சனிக்கிழமை ராத்திரி கோட்டு போட்டுக்கொண்டு வா என்றால் குழந்தைக்கு நீச்சல் வகுப்பு என்பான். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டை அந்த மேசைக்கு எடுத்துக்கொண்டு வா என்றால் வருவான்.

ஆனால் யாரைக் கூப்பிடுவது? பட்டியல் இல்லை. நம்முடைய பெயர், விலாசம், எந்த வருடம், யாருக்கு யார் பிக் (வழிகாட்டுகிற மூத்தவர்) என்பதெல்லாம் யாஹூ குழுவில் இருந்தது. 2020 டிசம்பரில் யாஹூ அந்தச் சேவையையே மூடியபோது நம்மில் ஒருவர்கூட இறக்கி வைக்கவில்லை. பொருளாளரின் எக்செல் ஒன்று இருக்கிறதாம், எந்தப் பொருளாளர் என்பதில் மூன்று கருத்து. போன மாதம் என் அலமாரியில் 2007இல் டி-ஷர்ட் ஆர்டர் எடுத்த காகிதம் கிடைத்தது. இருபத்தொரு பெயர், சட்டை அளவோடு. அப்போது மீடியம் போட்டவர்கள் இப்போது என்ன போடுகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். அதிலிருந்து தொடங்கி இதுவரை பதினாலு பேரைப் பிடித்துவிட்டேன். வீட்டில் மொய் நோட்டு வைத்திருப்போமே, யார் எந்த விசேஷத்துக்கு வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று, அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பணம் கொடுத்தவர் பத்தியில் இன்னும் எதுவும் எழுதவில்லை. பையன் ஒருவனோடு பேசியவர், ரெஸ்யூமே திருத்திக் கொடுத்தவர், மேசைக்கு வந்தவர் என்ற பத்திகள்தான் முதலில். முருங்கைக்காய்க் கடையில் பார்த்தவனையும் அதில் எழுதியிருக்கிறேன். முடிக்காதவன் எப்படி ஆலம்னை ஆவான் என்று விதிமுறையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் நேரில் வாருங்கள்.

இன்றைக்குச் சாப்டரில் நாலு பேர். மே மாதம் இரண்டு பேர் பட்டம் வாங்குகிறார்கள். எங்கள் காலத்தில் பத்தொன்பது பேர் இருந்தோம். ஆள் குறையக் குறைய காப்பீடும் தலைமையகத்துக்குக் கட்டுகிற பணமும் மிச்சம் இருப்பவன் தலையில் விழும், அப்புறம் அவனும் போவான். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வருகிற வியாழன் பன்னிரண்டே முக்காலுக்கு வருகிறேன். பழைய மேசை இல்லை, பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் இப்போது சார்ஜர் போடுகிற கம்பம் நிற்கிறது. அதற்குப் பக்கத்து மேசையில் இருப்பேன். ஃப்ளோரல் பார்க் பையனுக்கும் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு ஒன்றரைக்கு வகுப்பு, அதனால் தாமதமாக வராதீர்கள். எக்செல் வைத்திருக்கிற பொருளாளர் யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டதென்றால் அதையாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
2005 வசந்த லைன் (அப்போது சேர்ந்த செட்டு), நான்காம் நம்பர்